ஞாயிறு போக மீதி ஆறு நாள்

(நூம்பலில், பல சபைகளைச் சேர்ந்த போதகர்களும் பொதுமக்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போதகர்களுக்கு முன்னால் பேசுவது சங்கடமான காரியம். வாரம் தவறாமல் பேசிப் பழகியவர்கள் நீங்கள். பேசுகிறவனுக்கு எந்த இடத்தில் சரக்கு தீர்ந்தது, எந்த இடத்தில் குரலை உயர்த்தி அதை மறைக்கிறான் என்பதெல்லாம் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே குரலை உயர்த்தாமலே பேசிவிடுகிறேன். நான் போதகன் அல்லன். பழைய சபைப் பதிவேடுகளையும் நாட்குறிப்புகளையும் தேடிப் படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

‘போதகரின் விசுவாச வாழ்வு’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். பிரசங்கங்களைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிரசங்கங்கள் அச்சில் நிறையக் கிடைக்கின்றன. யூடியூபிலோ குவிந்து கிடக்கின்றன. எனக்கு ஆவல் எல்லாம் பிரசங்கம் இல்லாத நாட்களைப் பற்றித்தான். ஞாயிறு போக மீதி ஆறு நாளில் ஒரு போதகர் யார் வீட்டில் போய் உட்கார்ந்தார், யாருக்காக ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார், எந்தச் சண்டையை விலக்கப் போய் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார், மாதக் கடைசியில் வீட்டு வாடகையை எப்படிப் புரட்டினார்? ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லும் வார்த்தைக்கு எடை ஏறுவது அந்த ஆறு நாளில்தான் என்பது என் கட்சி. அந்த ஆறு நாளை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது என் குறை.

நூம்பலையே எடுத்துக்கொள்வோம். வடக்கே வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலை. தெற்கே ஐயப்பன்தாங்கல் பக்கம் மவுண்ட்–பூந்தமல்லி சாலை. நடுவே ஏரி, பழைய ஊர், மனைப்பிரிவுகள், அடுக்குமாடிகள். பக்கத்தில் திருவேற்காடு, ஆடி பிறந்துவிட்டால் கருமாரியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் இந்தச் சாலைகளில் வண்டி நகராது. மேற்கே பூந்தமல்லி, வைணவ அடியார் திருக்கச்சி நம்பிகளின் ஊர். கத்தோலிக்கக் குருமாணவர்கள் படிக்கும் திருஇருதயக் குருத்துவக் கல்லூரியும் அதே பூந்தமல்லியில்தான் இருக்கிறது. பக்திக்கு இந்தப் பக்கம் பழைய மண். வந்து சேர்ந்த மனிதர்கள்தாம் புதியவர்கள். நாசரேத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கும், பிற்பாடு திருப்பெரும்புதூர் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள், ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்சுமார்.

இவர்களில் பலருக்கு ‘எங்க ஊர்க் கோயில்’ என்று சொல்ல ஒன்று தெற்கே இருக்கிறது. அசனப் பண்டிகைக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் பஸ் பிடித்து அங்கே போவார்கள். காணிக்கையில் கனமான பங்கு அங்கேதான் போகும். இங்கே நடந்து போகிற தூரத்தில் எந்தச் சபை இருக்கிறதோ அதில் உட்காருவார்கள். சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் பெற்ற அம்மா பெந்தெகொஸ்தே சபையில் கைதட்டிப் பாடிக்கொண்டிருப்பார். கல்யாணம் என்று வந்தால் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க ஊர்ச் சேகரத்தைத் தேடிப் போவார். இங்குள்ள பாஸ்டருக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு, வெளியே சொல்லமாட்டார்.

இந்த ஊரில் ஞாயிறு என்பது எல்லாருக்கும் ஞாயிறு இல்லை. கம்பெனி பஸ் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறது. நர்சுக்கு நைட் டியூட்டி. செக்யூரிட்டி வேலை பார்ப்பவருக்குப் பண்டிகை நாளில்தான் வேலை அதிகம். ஆகவே அதிகாலை ஆராதனை, காலை ஆராதனை, மாலைக் கூட்டம், சனிக்கிழமை ஜெபம் என்று போதகர் தன்னைக் கூறுபோட்டுக்கொள்கிறார். இடமோ பல சபைகளுக்கு வாடகைக்கு எடுத்த முதல் மாடி. சொந்தமாகக் கட்ட வேண்டுமென்றால் பொது வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். சுயாதீன சபைப் போதகர் ஒரு கல்யாணம் நடத்த வேண்டுமென்றாலும் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி அரசு உரிமம் வேண்டும். மைக் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் அது ஒரு தனிப் பஞ்சாயத்து. விசுவாசம் என்று நாம் சொல்வது இந்தக் காகிதங்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் இடையில்தான் நடந்து போக வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் இன்றைக்கு வந்த தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ப் போதகர்களின் கதை தொடங்கும் இடத்துக்குப் போனால் அங்கும் இதே தூசியும் நடையும்தான். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார், 1719இல் இறந்தார். அதற்குப் பதினான்கு ஆண்டு கழித்து, 1733 டிசம்பர் 28 அன்று, அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்தில் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்டு சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். கடலூர்க்காரர், வேளாளர் குடும்பம். 1718இல் ஞானஸ்நானம், பிறகு பள்ளி ஆசிரியர், பிறகு உபதேசியார், அதற்குப் பிறகுதான் குரு. ஐரோப்பியப் பாதிரிமார் தஞ்சை அரசரின் எல்லைக்குள் நினைத்தபடி போய்வர முடியாத காலம் அது. கிராமங்களில் சிதறிக் கிடந்த விசுவாசிகள் நற்கருணைக்காகவும் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்காகவும் தரங்கம்பாடி வரை நடக்க வேண்டும். கிழவர்களும் நோயாளிகளும் எப்படி நடப்பார்கள்? அவர்கள் நடக்க முடியாததால் ஆரோன் நடந்தார். 1745இல் இறந்துபோனார். பன்னிரண்டு வருஷம்கூட நிறையவில்லை.

ஆரோனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுத்த பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போவது வழக்கம். நான் சொல்லிவிடுகிறேன். இராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் சேவகராக இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, வேதபுத்தகத்தைப் படித்து, தரங்கம்பாடிச் சபைக்கு வந்தவர். உபதேசியாராக அவருடைய திறமையை மிஷனரிமாரே வியந்து எழுதினார்கள். ஆனாலும் குருப்பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1741இல் இரண்டாவது தமிழ்க் குருவாக தியோகு என்பவரைத் தேர்ந்துகொண்டார்கள். காரணம் திறமையில் இல்லை. இராஜநாயக்கன் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மேல்சாதிச் சபையார் மறுத்துவிடுவார்கள் என்று மிஷனரிமாருக்குப் பயம். அந்தப் பயத்தை ஞானம் என்றே அவர்கள் நினைத்தார்கள். இராஜநாயக்கன் 1771 வரை உயிரோடிருந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டு, ஒரு போதகர் செய்கிற வேலையைப் பட்டம் இல்லாமல் செய்தார். ஊர் ஊராகப் போனார், கற்பித்தார், எதிர்ப்பைத் தாங்கினார். ஞாயிற்றுக்கிழமையின் மேன்மையை மற்றவருக்கு விட்டுவிட்டு ஆறு நாளையும் சுமந்தவர் என்று அவரைச் சொல்லலாம். தமிழ்ப் போதகர்களுக்கு ஒரு முன்னோரைக் காட்டு என்று என்னைக் கேட்டால் ஆரோனுக்கு முன்பாக அவரைத்தான் காட்டுவேன். இது என் சொந்த விருப்பம்; சண்டைக்கு வராதீர்கள்.

பட்டமில்லாமல் உழைத்தவர்களின் வரிசை அத்தோடு முடியவில்லை. கிராமங்களில் உபதேசியார் இருந்தார். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் ஜெபம், நடுவில் ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது. வீடு வீடாகப் போன பைபிள் உமன் இருந்தார். அந்தக்காலப் பெண்கள் பலருக்கு முதல் ஆசிரியை அவர்தான். இன்றைக்குப் போதகரின் மனைவி, பாஸ்டரம்மா, இருக்கிறார். சபைக்கு வரும் பெண்கள் பாஸ்டரிடம் சொல்ல முடியாததை அவரிடம்தான் சொல்கிறார்கள். காசு எண்ணுவது, குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி, திடீரென்று வந்து நிற்கும் பத்துப் பேருக்குச் சோறு, எல்லாம் அவர் தலையில். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இராது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1976இல்; 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவும் ஆனார். நல்லது. ஆனால் சிற்றூர்ச் சபையில் பாஸ்டரம்மாவின் உழைப்புக்கு இன்னும் ஒரு பெயர்கூட வைக்கவில்லை நாம்.

சரி, எழுதி வைப்பதில்லை என்று முதலில் குறை சொன்னேன். தரங்கம்பாடியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. மிஷனரிமார் நாட்குறிப்பு எழுதினார்கள். தமிழ் உபதேசியார்கள் தாங்கள் போன ஊர், பேசிய ஆள், கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்புவித்தார்கள். அவை ஜெர்மனியில் ஹாலே நகருக்குப் போய் அச்சாயின. அன்றைய தஞ்சைக் கிராமங்களில் சனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இன்று ஆராய்ச்சியாளர்கள் அந்த அறிக்கைகளிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்கள். அந்த அறிக்கைகளுக்கு ஒரு கோளாறும் உண்டு. காணிக்கை கொடுக்கிற ஐரோப்பியர்கள் படிப்பதற்காக எழுதியவை. அவர்களுக்கு இனிக்கும்படி சீர்செய்தவை. ஆரோன் உயிரோடிருந்த அதே காலத்தில், 1736இல், புதுச்சேரியில், பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். அவர் யாரையும் திருப்திப்படுத்த எழுதவில்லை. அதனால்தான் அதில் வியாபாரமும் சூழ்ச்சியும் சகுனமும் வம்பும் உயிரோடு இருக்கின்றன. ஒரு துபாஷிக்கு வாய்த்த அந்தச் சுதந்தரம் நம் போதகர்களுக்கு வாய்த்திருந்தால்! 1830களில் திருநெல்வேலிச் சீமையில் கிராமப் பள்ளி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் இருந்த சவரிராய பிள்ளை நாட்குறிப்பு எழுதினார். அவர் குடும்பத்தார் பேணி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. அப்படிக் கிடைத்தவை கைவிரலில் அடங்கும்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் உட்ஃபோர்டு என்று ஒரு கிராமத்துப் பாதிரியார் இருந்தார். 1758இல் தொடங்கி நாற்பது ஆண்டுக்கு மேல் நாட்குறிப்பு எழுதினார். படித்துப் பார்த்தால் சிரிப்பு வரும்: பாதிக்கு மேல் சாப்பாடு. என்ன இறைச்சி, என்ன மீன், யார் விருந்துக்கு வந்தார், வேலைக்காரருக்கு எவ்வளவு கூலி, ஏழைக்கு எத்தனை காசு கொடுத்தேன். ஆத்தும விசாரம் தேடினால் கிடைப்பது கடினம். ஆனாலும் அந்தக் காலத்துக் கிராமம் எப்படி உயிர் வாழ்ந்தது என்று தெரிந்துகொள்ள அதைப் போன்ற புத்தகம் குறைவு. நமக்கோ ஒரே ஒரு வகைதான் கைவந்திருக்கிறது: சாட்சிப் புத்தகம். முதல் பாதியில் பாவமும் வறுமையும், நடுவில் ஒரு தரிசனம், பிற்பாதியில் ஊழியம் பெருகியது, கட்டடம் எழும்பியது. நான் நிறையப் படித்திருக்கிறேன். சில உண்மையாகவே உலுக்கிவிடும். ஆனால் சாட்சிப் புத்தகத்தில் திங்கட்கிழமை வருவதில்லை. ஞாயிறு கூட்டம் முடிந்து, தொண்டை கட்டி, வந்த கூட்டம் போன வாரத்தைவிட ஏன் குறைந்தது என்று நினைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிற அந்தத் திங்கட்கிழமையை எந்தச் சாட்சியிலும் நான் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். போதகர்கள் மேடையில் பணத்தைப் பற்றிப் பேசினால் தப்பாக நினைப்பார்கள். நான் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது.

தெற்கத்திச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு ஏற்பாடு உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில் அது சபைக்கு. கையில் காசு பார்க்காத பெண்களும் போதகருக்குப் படியளந்த வழி அது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பியவர்கள் இப்படிக் கொடுத்துப் பழகிய சனங்கள்தாம். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வே. ச. அசரியா ஒரு கிராமப் போதகரின் மகன், ஊர் வெள்ளாளன்விளை. 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி அதே டோர்னக்கலுக்குப் போனார். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிமாரைப் பார்த்து, தியாகமெல்லாம் செய்கிறீர்கள், எங்களோடு சிநேகமாக இருக்கமாட்டேன் என்கிறீர்களே என்ற கருத்தில் அவர் பேசியது உலகப் பிரசித்தம். ஏழைச் சனம் அளந்து போட்ட அரிசியில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அப்படிப் பேசத் துணிவு வரும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். ஒரு சேவல், ஒரு பூசணிக்காய், ஒரு குலை வாழைப்பழம். சந்தை விலையைப் போல் பல மடங்குக்கு ஏலம் போகும்; எடுத்தவர் மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். கொடுப்பதில் விளையாட்டும் இருந்தது. நூம்பல் போன்ற ஊரில் வயல் வீட்டுமனையாகிவிட்டது. சேவலுக்கு மளிகைப் பொருட்களும் கேக்கும் ஏலத்தில் துணை வந்துவிட்டன. காணிக்கைப் பைக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது இந்த ஏற்பாட்டின் அடித்தளம் ஆடியது. அந்த ஆண்டு ஏப்ரல் 12 ஈஸ்டர்; கோயில்கள் பூட்டிக் கிடந்தன. சென்னையில் வழிபாட்டுத் தலங்கள் செப்டம்பர் முதல் தேதிதான் திறந்தன. திருமண்டலச் சம்பளம் வாங்குகிற போதகர் எப்படியோ தாண்டினார். வாடகைக் கூடத்தில் முப்பது குடும்பத்தை வைத்துச் சபை நடத்தியவருக்கு ஐந்து மாதம் பை சுற்றி வரவில்லை; சபையாருக்கே வேலை இல்லை. அப்படிப்பட்ட போதகர்கள் ஆட்டோ ஓட்டினார்கள், எலக்ட்ரிகல் வேலைக்குப் போனார்கள், காய்கறி விற்றார்கள். பவுல் கூடாரம் தைத்தார் என்று வேதத்தில் இருப்பதால் போதகர்கள் தங்களுக்குள் இதை ‘கூடாரத் தொழில்’ என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படி வேலைக்குப் போன பலர் இன்னும் விடவில்லை. எனக்கு அதில் ஒரு நன்மை தெரிகிறது. சம்பளம் வாங்குகிற போதகருக்குச் சபைக் கமிட்டியிடம் பயம். காணிக்கையை நம்புகிறவருக்குச் சபையில் உள்ள பெரிய குடும்பத்திடம் பயம். கையில் ஒரு தொழில் உள்ளவர் இரண்டு பயத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நேரம்தான் அவருக்குப் பஞ்சம்.

நேரம் எதற்கு வேண்டும்? வீடு சந்திப்புக்கு. போதகருடைய வேலையில் இதுதான் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். இதுதான் இப்போது உடைந்துகொண்டிருக்கிறது. கிராமத்தில் போதகர் தெருவில் நுழைந்தாலே போதும், பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொல்லிவிடும். அடுக்குமாடியில் வாசலில் ஒரு நோட்டு. பெயர், நேரம், யாரைப் பார்க்கணும், என்ன வேலை. ‘என்ன வேலை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஒரு போதகர் ‘சொந்தக்காரர்’ என்று எழுதுவாராம். லிஃப்டில் ஏறி மணி அடித்தால், பையன் ஹெட்போனைக் கழற்றாமலே கதவைத் திறப்பான். டிவி சத்தம் குறையும், அணையாது. காபி வரும். பரீட்சை, விசா, வரன், வீட்டுக் கடன் என்று ஜெபக் குறிப்புகள் சொல்வார்கள். அத்தனையும் உண்மையான கவலைகள்தாம். ஆனால் உள்ளே கிடப்பது அப்போது வராது.

அது எப்போது வரும் என்று அனுபவமுள்ள போதகர்களுக்குத் தெரியும். ஜெபம் முடிந்து, எழுந்து, வாசலில் செருப்பைத் தேடும்போது வரும். ‘ஐயா, ஒரு விஷயம்…’ வீட்டுக்காரர் லிஃப்ட் வரை கூடவே வருவார். மகன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஸ்கேனில் ஏதோ இருக்கிறதாம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நகை அடகில் இருக்கிறது. லிஃப்ட் வந்துவிடும், கதவு திறந்து மூடும், போதகர் ஏறமாட்டார். அந்த இடத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறவர் எவ்வளவு நன்றாகப் பிரசங்கம் செய்தாலும் எனக்கு அவரிடம் பெரிய மதிப்பு வராது. பிரான்சு நாட்டில் ஆர்ஸ் என்ற சிற்றூரில் ஜான் மரிய வியான்னி என்று ஒரு பங்குத்தந்தை இருந்தார்; 1859இல் இறந்தார். லத்தீன் படிப்பில் தடுமாறியவர், பேச்சிலும் பெரிய சாமர்த்தியசாலி அல்லர். ஆனால் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நாடு முழுவதிலிருந்தும் சனம் வந்தது. ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூட உட்கார்ந்து கேட்டார் என்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை பங்குக் குருக்கள் எல்லாருக்கும் அவரைப் பாதுகாவலராக வைத்திருக்கிறது. பேசினதற்காக அல்ல, கேட்டதற்காக.

கேட்பதிலும் ஒரு கஷ்டம் உண்டு. அதை ஒரு மூத்த போதகர் என்னிடம் சொன்னார். புதன்கிழமை ஒரு வீட்டில், கணவர் மறுபடியும் குடிக்கத் தொடங்கியதைச் சொல்லி மனைவி அழுதிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்குக் குறித்திருந்த பகுதி நோவா திராட்சரசம் குடித்து வெறித்துக் கிடந்த கதை. மாதக்கணக்காக ஆதியாகமத்தை வரிசையாக எடுத்து வந்ததில் அந்த வாரம் அது விழுந்திருந்தது. அதைப் பேசினால், நாம் சொன்னதைத்தான் ஐயர் மேடையில் போட்டு உடைக்கிறார் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றும். அவர் இனி வாயைத் திறக்கமாட்டார். பேசாவிட்டால், ஏன் தாண்டிப் போனீர் என்று கமிட்டி கேட்கும். அவர் தாண்டிப் போனார். கமிட்டியில் கேட்டதற்கு மறதி என்று சொல்லிவிட்டார். ஒரு போதகர் சொன்ன பொய்களில் இது நல்ல பொய் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சாவைப் பற்றிச் சொல்லாமல் போதகர்களின் வாரத்தைச் சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தால் இரண்டு செய்திதான், பிரசவம் அல்லது மரணம். பிரசவம் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மரணத்துக்கு ஃப்ரீசர் பெட்டி ஏற்பாடு செய்வதிலிருந்து போதகர் வேண்டும். முதல் கேள்வி: எங்கே அடக்கம்? கீழ்ப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் இருக்கிற பெரிய கல்லறைத் தோட்டங்களில் இடம் இல்லை. குடும்பக் கல்லறை இருப்பவர்கள் அதையே திறந்து வைக்கிறார்கள். புறநகரில் புதிதாகக் குடியேறியவனுக்குக் குடும்பக் கல்லறை ஏது? பலர் ஆம்புலன்சில் அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோகிறார்கள். நூம்பல் போதகர் வண்டியருகே நின்று ஒரு ஜெபம் செய்வார். அடக்க ஆராதனை நடத்துகிறவர் இறந்தவரை வருஷத்துக்கு ஒருமுறை பண்டிகையில் பார்த்த வேறொரு போதகர். பத்து வருஷம் கூட இருந்தவருக்குக் கடைசி வார்த்தை சொல்லக் கிடைப்பதில்லை.

கல்லறையும் நியாயமான இடம் இல்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இராஜநாயக்கனுக்குப் பட்டத்தை மறுத்த அதே பயம், இங்கே செங்கல்லாக நின்றது. 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தபோது நடந்ததும் மறந்திருக்காது. அடக்கம் செய்யப் போன இடத்தில் கும்பல் திரண்டு தாக்கியது. கூடப் போனவர்கள் இரத்தக் காயத்தோடு ஓட வேண்டியதாயிற்று. வேலங்காடு இடுகாட்டில் நடு இரவில் சக மருத்துவர் ஒருவர் தாமே மண்ணை வாரிப் போட்டுக் குழியை மூடினார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று மனைவி நீதிமன்றத்துக்குப் போனார். 2021 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு உத்தரவிட்டது. ஒரு வருஷம் அந்த அம்மையார் கேட்டதெல்லாம் கணவருக்கு உரிய இடமும் உரிய ஜெபமும். அடக்க ஆராதனை சில நிமிஷச் சடங்குதானே என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை ஞாபகப்படுத்துங்கள்.

இனி என் வேண்டுகோள். போதகர் ஐயாமாரே, அம்மாமாரே, ஒரு நோட்டு வாங்குங்கள். பிரசங்கக் குறிப்புக்கு வேறு நோட்டு இருக்கட்டும். இதில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம். உங்களிடம் நம்பிச் சொன்னது உங்களோடு இருக்கட்டும். என்ன கேட்டார்கள், உங்களுக்கு எதற்குப் பதில் தெரியவில்லை, எந்த ஜெபம் கேட்கப்படவில்லை, வாடகை எவ்வளவு, தண்ணீர் லாரி வந்ததா, 2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் வீட்டு மாடியில் எத்தனை பேர் தங்கினார்கள், அவர்களில் சபைக்கு வெளியே உள்ளவர்கள் யார். உட்ஃபோர்டைப் போலச் சாப்பாட்டையும் எழுதுங்கள், குற்றமில்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் யாருக்கு எந்த வசனம் வந்தது என்பதைவிட, அந்த வசனத்தை வைத்துக்கொண்டு டிசம்பர் வரை அவர் என்ன பாடுபட்டார் என்று எழுதினால் படிக்க நான் முதல் ஆளாக வருவேன்.

சபைப் பதிவேடுகளையும் கவனியுங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பெரிய புத்தகங்கள். பழைய அடக்கப் பதிவேடுகளில் வயது, தொழில், சாவுக்குக் காரணம் என்று கட்டங்கள் உண்டு. வாந்திபேதி, ஜுரம், பிரசவம் என்று வரிசையாக வரும். தாது வருஷப் பஞ்சத்து ஏடுகளைப் புரட்டினால் பக்கங்கள் வேகமாக நிறைந்திருப்பது தெரியும். எழுதினவர் கையெழுத்தும் போகப் போகக் கோணும். நூம்பலில் இருக்கிற சபைகள் பல இளம் சபைகள். உங்கள் பதிவேட்டில் முதல் பத்துப் பக்கம்தான் நிறைந்திருக்கும். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கம்பெனியில் வேலை என்று ஒரு கட்டம் சேர்த்துப் போடுங்கள். இந்தப் பக்கத்து ஊர்கள் எப்படி உருவாயின என்று பின்னால் ஒருவர் தேடி வந்தால், அவருக்கு உதவக்கூடிய காகிதம் பஞ்சாயத்து ஆபீசைவிட உங்கள் பீரோவில் இருக்கக்கூடும். பீரோவில் கரையான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது, நைட் டியூட்டிக்குப் போகிறவர்கள் எழுந்து நிற்பது தெரிகிறது. கேள்வி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை மட்டும்: போதகர்கள் இன்றைக்குக் கேள்வியும் கேட்க வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். பின்வரிசையில் இருக்கிற சபையார் முதலில் பேசட்டும்.